ராக்கெட்டைக் கண்டுபிடித்தது சீனர்களா, திப்புவா? விண்வெளியைத் தவிர அதனால் என்ன பயன்?

"ராக்கெட்டைக் கண்டுபிடித்தது சீனர்களா, திப்பு சுல்தானா? விண்வெளிக்குப் போவதைத் தவிர அதனால் வேறு பயன் உண்டா? ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரன்பட்டினத்தில் எதற்கு இன்னொரு ஏவுதளம்?" என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்பதால் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரு வரி விடை: திப்பு கண்டுபிடிக்கவில்லை. ஆனால் திப்புவையும் அவர் தந்தை ஹைதர் அலியையும் விட்டுவிட்டு ராக்கெட்டின் வரலாற்றை எழுத முடியாது. கைப்பேசியில் சுற்றும் செய்திகள் முதல் பாதியைத் தலைகீழாகச் சொல்கின்றன. அவற்றை மறுக்கக் கிளம்புகிறவர்களோ இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்தால் சீறி எரியும் என்று முதலில் அறிந்தவர்கள் சீனர்கள். அந்தக் கலவையைக் குழாயில் அடைத்து, அம்பில் கட்டி, பற்றவைத்து விட்டவர்களும் அவர்களே. 1232இல் கைஃபெங் நகரை மங்கோலியர் முற்றுகையிட்டபோது நகரைக் காத்தவர்கள் தீ உமிழும் ஈட்டிகளைப் பயன்படுத்தினார்கள் என்ற குறிப்பை ராக்கெட்டின் தொடக்கமாகப் பலர் காட்டுகிறார்கள். அது தானே பறந்த ராக்கெட்டா, கையில் பிடித்த தீக்குழாயா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாதத்தைவிட எனக்குப் பிடித்தது சொல். இன்றும் சீன மொழியில் ராக்கெட்டுக்கு 'ஹுவோ ஜியான்' என்றுதான் பெயர். 'தீ அம்பு' என்று பொருள். நம் ஊர்த் திருவிழாவில் விடுகிற வாணம் என்ற சொல்லையும் உதறிப் பாருங்கள். அது 'பாணம்', அதாவது அம்பு. முகலாயர் காலப் படைகளிலும் இதற்கு 'பான்' என்றே பெயர். ஐரோப்பியர்களுக்கு மட்டும் அம்பு நினைவுக்கு வரவில்லை. நூல் சுற்றும் சின்னக் கதிரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து அவர்கள் 'ராக்கெட்' என்று வைத்துக்கொண்டார்கள். குழாயின் வடிவம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்தக் குழாயைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். ராக்கெட் என்றதும் எல்லோரும் வெடிமருந்தைப் பற்றியே நினைக்கிறார்கள். மருந்து பாதிதான். அதை எதில் அடைக்கிறோம், எந்த ஓட்டை வழியாக வெளியே விடுகிறோம் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

தீபாவளிக்கு விடும் சிவகாசி ராக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள் (பற்றவைப்பதற்கு முன்!). இறுகச் சுற்றிய காகிதக் குழாய், உள்ளே அழுத்தி இடித்த மருந்து, அடியில் களிமண் அடைப்பு, அதன் நடுவில் ஒரு துளை. துளை பெரிதானால் வாயு சோம்பலாக வெளியேறும். ராக்கெட் பாட்டிலை விட்டுக் கிளம்பாது. சிறிதானால் உள்ளே அழுத்தம் ஏறிக் குழாய் வெடித்துவிடும். அழுத்தம் கூடக் கூட மருந்து வேகமாக எரியும், வாயுவும் வேகமாக வெளியேறும், உந்துவிசையும் கூடும். அப்படியானால் எவ்வளவு அழுத்தத்தைக் குழாய் தாங்கும் என்பதே ராக்கெட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லை. காகிதமும் மூங்கிலும் அதிகம் தாங்கமாட்டா.

இங்கேதான் மைசூர் வருகிறது. ஹைதர் அலியின் தந்தை, ஆற்காட்டு நவாபுக்காக ஐம்பது வாணக்காரர்களை வைத்திருந்தவர் என்கிறார்கள். ஆக, வாணப்படை என்பது மைசூரில் திடீரென முளைத்த அதிசயம் இல்லை. தென்னிந்தியப் படைகளில் முன்பே இருந்த வழக்கம். மைசூர்க்காரர்கள் செய்த மாற்றம், காகிதத்துக்கும் மூங்கிலுக்கும் பதிலாக இரும்புக் குழாயை வைத்தது. அடித்து நீட்டிய மென்னிரும்பு. உருக்கு என்று சிலர் எழுதுவது மிகை. சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயை நீண்ட மூங்கில் கழியில் தோல்வாரால் கட்டினார்கள். சிலவற்றில் வாளின் அலகையே சேர்த்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிற்று. அன்று ஐரோப்பாவில் இருந்த எந்த ராக்கெட்டும் அதற்கு அருகில் வரவில்லை. குழாயின் விட்டத்தையும் இலக்கின் தூரத்தையும் வைத்து எந்தக் கோணத்தில் சாய்த்து ஏவுவது என்று கணக்கிட வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் பல ராக்கெட்டுகளை விடும் சக்கர வண்டிகளும் இருந்தன. ஹைதர் காலத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேராக இருந்த இந்தப் பிரிவைத் திப்பு ஐயாயிரம் வரை பெருக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆங்கிலேயர் எழுத்தில் அது 'பொள்ளிலூர்' ஆகிவிட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் வில்லியம் பெய்லி நடத்திவந்த படையை மைசூர்ப் படை அங்கேதான் மடக்கியது. பெய்லிக்குத் துணையாக வரவேண்டிய ஹெக்டர் மன்றோவின் பெரும்படை காஞ்சிபுரத்திலேயே இருந்தது. நேரத்துக்கு வந்து சேரவில்லை. சண்டையின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதோடு கதை முடிந்தது. வண்டிகளைக் கொளுத்தியது ராக்கெட்தான் என்று பல நூல்கள் சொல்கின்றன. பீரங்கிக் குண்டு என்று சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும், கும்பினிப் படைக்கு இந்தியாவில் அதுவரை அவ்வளவு மோசமான அடி விழுந்ததில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டையைத் திப்பு பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்தார். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு ஓவியமும் இருக்கிறது. 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் பயிற்சிக்குப் போன ஏ.பி.ஜே. அப்துல் கலாம், நாசாவின் வரவேற்பறையில் ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களப் படம் ஒன்றைப் பார்த்தார். ராக்கெட் விடுகிறவர்களின் தோல் நிறம் வெள்ளையாக இல்லையே என்று கிட்டே போய்ப் பார்த்தால், ஆங்கிலேயருக்கு எதிராகத் திப்புவின் படை. ராமேசுவரத்துக்காரர் ஒருவர் இதைத் தெரிந்துகொள்ள அட்லாண்டிக் கடலோரம் வரை போக வேண்டியிருந்தது.

ராக்கெட்டால் ஆள் சேதம் குறைவு, குழப்பம் அதிகம். குதிரைகளும் மாடுகளும் மிரண்டு ஓடும். 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது, சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவில் நுழைந்த ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்று ராக்கெட்டும் துப்பாக்கியும் சேர்ந்து தாக்கியதில் இருட்டில் சிதறிப் பின்வாங்கியது. அதை நடத்திச் சென்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற அதே வெலிங்டன் பிரபு. மே 2 அன்று கோட்டைக்குள் ராக்கெட் கிடங்கு ஒன்று குண்டு பட்டு வெடித்தது. மே 4 அன்று கோட்டையும் வீழ்ந்தது, திப்புவும் இறந்தார். எஞ்சிய ராக்கெட்டுகள் லண்டனுக்கு அருகே வுல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. போகாதவையும் இருந்திருக்கின்றன. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில், பாழ்கிணறு ஒன்றின் சேற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள். சண்டைக்காகச் சேமித்து வைத்தவை, இருநூறு ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தன.

வுல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் இதை எடுத்துக்கொண்டார். 1804இலிருந்து சோதனை செய்து, பொறிகளைக் கொண்டு மருந்தை ஒரே சீராக அடைத்து, அளவுகளை வகைப்படுத்தினார். மைசூர் ராக்கெட்டில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. காங்கிரீவுடையது கிட்டத்தட்ட ஒன்று போல் இருந்தது. அவர் செய்த பெரிய காரியம் அதுதான். 1807இல் கோபன்ஹேகன் நகரம் எரிந்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகக் கோட்டை மீது அவை பாய்ந்தன. அன்றைய ராக்கெட் வெளிச்சம் அமெரிக்க நாட்டுப் பண்ணிலேயே இடம்பெற்றுவிட்டது. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வெளிச்சத்தின் தாய்வீடு காவிரிக்கரை என்று தெரியும்?

காங்கிரீவின் ராக்கெட்டிலும் ஒரு கழி இருந்தது. பெரிய ரகத்துக்கு நான்கரை மீட்டர் நீளம்! கழி எதற்கு என்பதை நான் பத்து வயதில் கற்றுக்கொண்டேன். தீபாவளி அன்று ராக்கெட்டின் குச்சி பாதியில் முறிந்துவிட்டது. பரவாயில்லை என்று அப்படியே சோடா பாட்டிலில் செருகிப் பற்றவைத்தேன். அது இரண்டு ஆள் உயரம் எழும்பி, மூக்கைத் திருப்பி, அடுத்த வீட்டு வைக்கோல் போரை நோக்கிப் போயிற்று. அதற்கப்புறம் நடந்ததை விட்டுவிடுவோம். காற்றுக்காட்டியின் வால் எப்படி அதைக் காற்றின் போக்குக்குத் திருப்புகிறதோ, அப்படி இந்தக் குச்சி காற்று தள்ளும் மையத்தைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்கிறது. முனை சற்றுச் சாய்ந்தால் வாலில் படும் காற்று அதை மறுபடி நேராக்கிவிடும். குச்சி குட்டையானால் அந்த மையம் எடையின் மையத்தைத் தாண்டி முன்னே வந்துவிடும். பிறகு வைக்கோல் போர்தான். 1844இல் வில்லியம் ஹேல் என்ற ஆங்கிலேயர், வாயு வெளியேறும் வழியைச் சாய்த்து ராக்கெட்டைப் பம்பரம் போலச் சுழலவைத்துக் கழியை ஒழித்தார். அதற்குள், குண்டு சுழன்று பாயும்படி பீரங்கிக் குழலுக்குள் மரை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பீரங்கி குறி தவறாமல் சுட்டது. ராக்கெட் போர்க்களத்திலிருந்து மெல்ல ஒதுங்கியது.

ஒதுங்கிய காலத்தில் அது உயிர் காக்கப் போனது. உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் முதல் விடை அதுதான், அதிகம் பேசப்படாததும் அதுதான்.

1807 டிசம்பர் 29 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் 'ஆன்சன்' என்ற போர்க்கப்பல் தரைதட்டியது. கரைக்கும் கப்பலுக்கும் தூரம் அதிகமில்லை. ஆனாலும் அலையைத் தாண்ட முடியாமல் பலர் கூட்டத்தின் கண்ணெதிரே மூழ்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஹென்றி டிரெங்ரூஸ் என்ற மரவேலைக்காரர் ஒருவர். ஒரு கயிறு, ஒரே ஒரு கயிறு கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போய்ச் சேர்ந்திருந்தால் எல்லோரையும் இழுத்திருக்கலாம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பிறகு ஊரில் வாணவேடிக்கை பார்த்தபோது வழி கிடைத்தது என்பார்கள். ராக்கெட்டில் மெல்லிய கயிற்றைக் கட்டி ஏவுவது; அதைப் பற்றி இழுத்துத் தடித்த வடத்தைக் கொண்டுவருவது; வடத்தில் தொங்கும் இருக்கையில் ஒவ்வொருவராகக் கரை சேர்ப்பது. சிறு பீரங்கியாலும் கயிறு எறியலாம், வேறொருவர் அப்படிச் செய்தும் காட்டினார். ஆனால் பீரங்கிக் குண்டு ஒரே வெட்டில் பாய்வதால் கயிறு அறுந்துபோகும். ராக்கெட் படிப்படியாக வேகம் எடுக்கும், கயிறு தாங்கும். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனின் கடற்கரைகளில் இப்படி மீட்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அந்தக் கயிறு இன்றும் இருக்கிறது. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் உறவினர் யாரேனும் இருந்தால் கேளுங்கள். குறைந்தது 230 மீட்டர் தூரம் கயிறு எறியும் கருவி கப்பலில் இருந்தாக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பெரும்பாலும் அது சிறு ராக்கெட்தான். ஆபத்தில் உதவி கேட்க மேலே விடும் சிவப்பு விளக்கும் ராக்கெட்டே. குறைந்தது 300 மீட்டர் உயரம் போய், குட்டிப் பாராசூட்டில் தொங்கியபடி 40 நொடியாவது எரிய வேண்டும்.

தபால் அனுப்பவும் பார்த்தார்கள். 1934 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ஒரு தீவில் கெர்ஹார்ட் சூக்கர் என்ற ஜெர்மானியர் கடிதங்களை அடைத்து ஏவினார். ராக்கெட் வெடித்துக் கடிதங்கள் கருகிப் பறந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று வங்காளத்தில் ஸ்டீஃபன் ஸ்மித் கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி ஏவினார். அதுவும் நடுவானில் வெடித்தது. மனிதர் தளரவில்லை. சிக்கிமில் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் மேலாகப் பொட்டலங்களை அனுப்பினார். 1935 ஜூனில் ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் வைத்துத் தாமோதர் ஆற்றைத் தாண்ட வைத்தார். இரண்டும் உயிரோடு இறங்கின! பத்தாண்டுகளில் ஏறத்தாழ 270 முறை ஏவியிருக்கிறார். விமானத் தபால் மலிந்ததும் எல்லாம் மறந்துபோனது. 1992இல் அவர் படம் போட்டு அஞ்சல் தலை வெளியிட்டார்கள்.

விண்வெளிக்கு வருவோம். அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். மாணவர்களிடம் நான் ஆண்டுதோறும் கேட்டது இது: ராக்கெட் எதைத் தள்ளி மேலே போகிறது? "காற்றை" என்று பாதி வகுப்பு சொல்லும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே அப்படித்தான் எழுதியது. வெற்றிடத்தில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் ராக்கெட் அங்கே இயங்காது, இது பள்ளிப் பாடம்கூடத் தெரியாத பேராசிரியரின் பேச்சு என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கோடார்டை எள்ளி நகையாடியது. 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தப் பத்திரிகை தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டது. கோடார்ட் இறந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு இல்லை, ஒரு மூட்டைத் தேங்காய் இருக்கிறது. ஒரு தேங்காயைப் பின்பக்கம் ஓங்கி எறிந்தால் பரிசல் சற்று முன்னே நகரும். தேங்காய் போய் எதிலும் மோதத் தேவையில்லை. எறிந்த கணத்திலேயே பரிசலுக்கு உந்தல் கிடைத்துவிட்டது. ராக்கெட் எறிவது சூடான வாயு, அவ்வளவுதான். வெற்றிடத்தில் தடுக்கக் காற்று இல்லாததால் இன்னும் நன்றாகவே போகும்.

ஆனால் பரிசலில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். முதல் தேங்காயை எறியும்போது பரிசலோடு மீதி அத்தனை தேங்காயையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ரஷ்யாவில் கலூகா என்ற நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த, காது சரியாகக் கேளாத கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட கணக்கு இதைத்தான் சொல்கிறது. வாயு நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராக்கெட்டும் அதே 3 கிலோமீட்டர் வேகம் பெற, கிளம்பும் எடை கடைசி எடையைப்போல் 2.7 மடங்கு இருக்க வேண்டும். 6 கிலோமீட்டர் வேண்டுமானால் 7.4 மடங்கு. 9 வேண்டுமானால் 20 மடங்கு. பூமியைச் சுற்றவே நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. வழியில் காற்றும் ஈர்ப்பும் பிடுங்கிக்கொள்வதையும் சேர்த்தால் ஒன்பதைத் தாண்டிவிடும். நூறு கிலோவில் 95 கிலோ எரிபொருள். மீதி ஐந்து கிலோவுக்குள் குழாய், இயந்திரம், கருவி, செயற்கைக்கோள் எல்லாம் அடங்க வேண்டும். முடியாத காரியம். அதனால்தான் காலியான அடுக்கைக் கழற்றிக் கடலில் எறிந்துவிட்டு அடுத்த அடுக்கைப் பற்றவைக்கிறார்கள். நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பும்போது 320 டன். அது துருவப் பாதையில் கொண்டுபோய் விடுவது ஏறத்தாழ 1.75 டன்.

கோடார்ட் செய்தது, பொடியை விட்டுத் திரவத்துக்கு மாறியது. 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸில் ஒரு பண்ணையில் பெட்ரோலையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து முதல் திரவ ராக்கெட்டை விட்டார். இரண்டரை நொடி பறந்தது. பன்னிரண்டரை மீட்டர் உயரம் எழும்பி 56 மீட்டர் தள்ளி விழுந்தது. சிவகாசி ராக்கெட் அதைவிட உயரம் போகும் என்று சிரிக்காதீர்கள். பொடியைப் பற்றவைத்தால் நிறுத்த முடியாது. திரவத்தை வால்வைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம், அணைத்து மறுபடியும் பற்றவைக்கலாம்.

ஜெர்மனி அதைப் பேராயுதமாக்கியது. வெர்னர் ஃபான் பிரவுன் குழுவின் வி-2 ராக்கெட் 1942 அக்டோபர் 3 அன்று 80 கிலோமீட்டருக்கு மேல் எழும்பியது. 1944 செப்டம்பரிலிருந்து லண்டன் மீது விழத் தொடங்கியது. ஒலியைவிட வேகமாக வந்ததால், வெடித்த பிறகுதான் அது வரும் சத்தம் கேட்கும். மலைக்குள் குடைந்த ஆலையில் அதைச் செய்த வதைமுகாம் கைதிகளில் இறந்தவர்கள், அது விழுந்து இறந்தவர்களைவிட அதிகம். விண்வெளிப் பெருமை பேசும்போது இந்த வரியைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்காது. போர் முடிந்ததும் அந்த நிபுணர்களையும் உதிரிப் பாகங்களையும் அமெரிக்காவும் ரஷ்யாவும் பங்கு போட்டுக்கொண்டன. பிறகு வந்தவை உங்களுக்குத் தெரியும்: 1957இல் ஸ்புட்னிக், 1961இல் ககாரின், 1969இல் நிலவு.

நம் பக்கம் தும்பாவில் தொடங்கியது. திருவனந்தபுரத்தை ஒட்டிய அந்த மீனவர் ஊரின் மேலாகப் பூமியின் காந்த நடுக்கோடு போகிறது. அங்கே நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதை அளக்க விரும்பினால் ஒரு தொல்லை. பலூன் நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு மேல் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது, காற்று இழுத்து வீழ்த்திவிடும். நடுவில் உள்ள அந்த வெளிக்குப் போய்வர ராக்கெட்டை விட்டால் வேறு வழியே கிடையாது. விக்ரம் சாராபாய் கேட்டதும் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஊராரின் இசைவோடு மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்தார். ஆலயம் அலுவலகம் ஆனது. ராக்கெட் பாகங்கள் மிதிவண்டியில் போயின. 1963 நவம்பர் 21 அன்று மாலை அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பி, சோடியம் ஆவியை மேலே கக்கியது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிற மேகம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தெரிந்தது. வேடிக்கைக்காக விட்ட வண்ணம் இல்லை அது. மேகம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று படமெடுத்தால் அந்த உயரத்துக் காற்றின் வேகம் தெரிந்துவிடும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செயற்கைக்கோளோடு கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 1979இல் கடலில் விழுந்தது. அடுத்தது 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. இன்று அந்த வரிசையில் வந்த ராக்கெட்டுகள் ஏற்றிவிட்ட செயற்கைக்கோள்கள் புயலைக் காட்டுகின்றன. கடல்நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்து மீன் எங்கே கூடும் என்று மீனவர்களுக்குத் தகவல் கொடுக்கின்றன. 2017இல் ஒக்கிப் புயலின்போது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமல் போன துயரத்துக்குப் பிறகு, கைப்பேசிக் கோபுரம் தொடாத கடலிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் படகுகளுக்கு வந்தன.

பயன்களில் இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போர் விமானி அவசரத்தில் கைப்பிடியை இழுத்தால் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படுகிறாரே, அந்த இருக்கைக்கு அடியில் இருப்பது ராக்கெட். ராக்கெட்டிலிருந்து மனிதரைக் காப்பாற்றவும் ராக்கெட்தான். 1983 செப்டம்பர் 26 அன்று சோயுஸ் ராக்கெட் ஏவுமேடையிலேயே தீப்பிடித்தது. உச்சியிலிருந்த தப்பிக்கும் ராக்கெட், விண்வெளி வீரர்கள் டிட்டோவ், ஸ்ட்ரெகாலோவ் இருவரும் இருந்த கலத்தைப் பிய்த்துக்கொண்டு பறந்த சில நொடிகளில் கீழே எல்லாம் வெடித்துச் சிதறியது. சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருவரும் உயிரோடு இறங்கினார்கள். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்காக இதே ஏற்பாட்டை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் சோதித்துப் பார்த்தார்கள்.

இரண்டாவது, நீங்கள் காரில் போடும் இருக்கைப் பட்டை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், 1954 டிசம்பர் 10 அன்று தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, ஒன்றரை நொடிக்குள் நின்றார். எடையைப்போல் 46 மடங்கு விசை உடலை அழுத்தியது. கண்ணில் ரத்தம் கட்டிப் பார்வை சற்று நேரம் போய்த் திரும்பியது. சரியாகக் கட்டியிருந்தால் மனித உடல் இவ்வளவு தாங்கும் என்று நிரூபித்த அவர், பிறகு கார்களில் பட்டை கட்டாயமாக வேண்டும் என்று விடாமல் வாதாடினார்.

கடைசியாகக் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் கடற்கரை தெரிந்திருக்கும். ஒரு உலக வரைபடத்தை எடுத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விரலை இழுத்துப் பாருங்கள். விரல் இலங்கையில் இடிக்கும். துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளை அனுப்ப ராக்கெட் தெற்கு நோக்கித்தான் போக வேண்டும். இன்னொரு நாட்டின் தலைமேல் எரிந்த அடுக்குகளைப் போட முடியாது. ஆகவே முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகு திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். தேங்காய்க் கணக்கை நினைவில் வையுங்கள்: கூடுதல் எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். 320 டன் பி.எஸ்.எல்.வி. இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். 120 டன் எடையுள்ள சிறிய எஸ்.எஸ்.எல்.வி.க்கு, மொத்தச் சுமையே சில நூறு கிலோதான் என்பதால், வளைவுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது சொற்பம்.

குலசேகரன்பட்டினத்திலிருந்து அதே விரலைத் தெற்கே இழுங்கள். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடும். அண்டார்டிகா வரை தண்ணீர்தான். திரவ இயந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கிழக்கு நோக்கிப் போக வேண்டியவையும் கனமான ராக்கெட்டுகளும் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே இருக்கும். தெற்கே போகும் சின்ன ராக்கெட்டுகளுக்குத்தான் தூத்துக்குடிக் கரை.